பதினேழாம் நம்பர் புதர்

என் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். மாடியில் மகள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் கீழே சமையலறையில் எனக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு கராஜ் கதவு எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கியது என்று கேட்டால் சொல்வேன். டிஷ்வாஷர் ரிப்பேர் ஆவதற்கு ஒரு வாரம் முன்பே அதன் குரல் மாறிவிட்டதைக் கண்டுபிடித்தவள் நான். "உனக்குப் பயந்துகிட்டு நான் மனசுக்குள்ளகூட சத்தமா நெனைக்கறதில்ல விசாலி" என்பார் என் கணவர் ஜம்புநாதன்.

இப்போது கலிபோர்னியாவில் இந்த சான் ரமோன் வீட்டில் கேட்பதற்கு அதிகம் இல்லை. அவருடைய ஆபீஸை இரண்டு வருடத்துக்கு முன்னால் டெக்ஸாஸுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே காப்பெல் என்ற ஊரில் ஒரு அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கியிருக்கிறார், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வருவார். மகள் ரக்ஷா நியூ ஜெர்சியில் காலேஜ் இரண்டாம் வருடம். எனக்கு வேலை கிடையாது. பத்து வருடம் எச்-ஃபோர் விசாவில் வேலை செய்யக் கூடாது என்று உட்காரவைத்தார்கள். இப்போது செய்யலாம் என்கிறார்கள், ஆனால் இன்டர்வியூவில் அந்தப் பத்து வருடம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கிறார்கள். ஆக நாலு பெட்ரூம் வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும். ஃப்ரிட்ஜாவது அவ்வப்போது முனகும்.

போன ஜனவரியில் லீவுக்கு வந்திருந்த ரக்ஷாதான் அந்தப் பறவையை என் தலையில் கட்டினாள். ஸ்பெயினுக்குக் கிழக்கே, மத்தியதரைக் கடலில் சில தீவுகள் இருக்கின்றன. அங்கே ஒரு சின்னக் கதிர்க்குருவி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சாம்பல் நிறம், நீளமான வால், கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம், இப்போதுதான் அழுது முடித்த மாதிரி ஒரு முகம். வேறு எங்கும் கிடையாது, அந்தத் தீவுகளை விட்டு எங்கும் போகவும் போகாது. முழங்கால் உயரப் புதர்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து முடிந்துவிடும். ஆள் வந்தால் உள்ளே நுழைந்துகொள்ளும் என்பதால் கண்ணால் எண்ண முடியாதாம். அதனால் புதர்களில் ஒலிப்பதிவுப் பெட்டிகளைக் கட்டிவைத்திருக்கிறார்கள். பதிவானதை ஒரு நிமிடத் துண்டுகளாக நறுக்கி வெப்சைட்டில் போடுவார்கள். உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் வேலையற்றவர்கள் அதைக் கேட்டு, பறவை இருக்கிறது, இல்லை என்று குறிக்க வேண்டும்.

ரக்ஷாவுக்கு அது காலேஜில் ஒரு கிரெடிட். "அம்மா, யூ ஹியர் எவ்ரிதிங். யூ ஆர் வேஸ்டிங் இட் ஆன் மீ" என்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், வாயில்தான் வராது. அவளே எனக்கு அக்கவுன்ட் திறந்தாள், லாப்டாப்பில் ஹெட்ஃபோனைச் செருகிக் கொடுத்தாள், பதினேழாம் நம்பர் புதரை எனக்கென்று தேர்ந்தெடுத்தாள். அது ஒரு குட்டித் தீவு, ஆட்களே இல்லாதது. வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லையாம்.

விதி ரொம்ப எளிது. பறவை இல்லை என்று குறித்தால், கேட்ட சத்தம் பின்னே என்ன என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். காற்று, அலை, படகு, இப்படி. அதற்கப்புறம் இன்னொருவர், நான் எழுதியதைப் பார்க்காமல், அதே துண்டைக் கேட்டு எழுதுவார். இரண்டும் ஒத்துப்போனால் அந்தத் துண்டு கழிக்கப்பட்டுவிடும், பிறகு அதை யாரும் கேட்க மாட்டார்கள். ஒத்துப்போனதா என்பது இரண்டாவது ஆளுக்கு மட்டும் தெரியும். முதல் ஆளுக்கு ஒன்றும் தெரியாது, அந்த இரண்டாவது ஆள் யார் என்பதும் சேர்த்து. நமக்கெல்லாம் பெயர் கிடையாது, எண்தான்.

ரக்ஷா திரும்பிப் போன மூன்றாவது வாரம் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சனிக்கிழமை மதியத்திலிருந்து அவள் ஃபோனை எடுக்கவில்லை. நாற்பத்தொரு தடவை கூப்பிட்டேன். எண்ணிக்கொண்டே கூப்பிடவில்லை, பிறகு அவள்தான் எண்ணிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலேஜ் போலீஸைக் கூப்பிட்டு, என் பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது, போய்ப் பாருங்கள் என்று அழுதேன். அவர்களும் போய்க் கதவைத் தட்டினார்கள். தோழிகளோடு மலையேறப் போயிருந்தாளாம், ஃபோனில் சார்ஜ் இல்லையாம், திரும்பி வந்து தூங்கிக்கொண்டிருந்தாளாம். அவள் பைஜாமாவோடு கதவைத் திறக்க, யூனிபார்மில் இரண்டு பேர். வராந்தாவில் ஹாஸ்டலே கூடி நின்றிருக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் கூப்பிட்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். அவள் மெதுவாகப் பேசினாள். "அம்மா, ப்ளீஸ் டோன்ட் கால் மீ. ஐ வில் கால் யூ."

நான் ரோஷக்காரி. "சரிடி. நீயா கூப்பிடற வரைக்கும் நான் கூப்பிட மாட்டேன். இது சத்தியம்" என்றேன்.

அவள் கூப்பிடவில்லை.

மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. ஜம்புநாதனுக்கு மட்டும் மெசேஜ் வரும். "நல்லாதான் இருக்கா. இன்டர்ன்ஷிப் கெடச்சிருக்கு, சம்மருக்கு வரல" என்றார் ஒரு நாள்.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க. என்ன நடுவுல இழுக்காத" என்று சொல்லிவிட்டு மீட்டிங் இருக்கிறது என்றார். அவருக்கு எப்போதும் ஒரு மீட்டிங் இருக்கும்.

லிவர்மோர் கோயிலில் நாகலக்ஷ்மியைப் பார்த்தேன். அவள் பெண்ணும் ரக்ஷாவும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். "ரக்ஷா எப்படி இருக்கா? தெனம் பேசுவாளா?" என்றாள். "காலைலகூட பேசினாளே" என்றேன். சாமியைப் பார்த்துவிட்டு வந்த கையோடு சொன்ன பொய். திரும்பி வரும்போது ஃப்ரீவேயின் இரு பக்கமும் காய்ந்த மலையும் குட்டைப் புதருமாகவே இருந்தது. இதற்குள் என்னென்ன உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறதோ, கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

பறவை வேலையை மட்டும் விடவில்லை. அவள் கடைசியாகக் கொடுத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து பதினேழாம் நம்பரைக் கேட்பேன். எப்போதும் காற்று. கீழே எங்கோ அலை. ஏதோ ஒரு செடியின் காய்ந்த கிளை பெட்டியை உரசிக்கொண்டே இருக்கும். அந்தப் பறவையின் பாட்டை வெப்சைட் பயிற்சியில் கேட்டிருந்தேன், அவசரமாக யாரோ கிசுகிசுப்பது மாதிரி கரகரவென்று இருக்கும். அது ஒரு நாளும் வரவில்லை.

அதற்குப் பதிலாக, மார்ச் தொடக்கத்திலேயே ஒரு நாள் பல்லி வந்தது.

ச்சக். ச்சக். ச்சக்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இந்த நாட்டு வீடுகளில் பல்லி கிடையாது. மாம்பலத்து ஃப்ளாட்டில் ட்யூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு நேரம் காலமே கிடையாது, ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சொல்லும். நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு, ஆள்காட்டி விரலால் மேசையை மூன்று தடவை தட்டுவோம். கேட்டுவிட்டேன், அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். ரக்ஷா ஐந்து வயதில் அங்கே வந்தபோது, பல்லி சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ச் சுவரைத் தட்டி, "ஐ ஹர்ட் யூ!" என்று அதனிடம் கத்துவாள்.

மத்தியதரைக் கடல் தீவிலும் பல்லி உண்டு என்று கூகுளில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பயிற்சியில் பறவையின் கூப்பாடு என்று ஒரே ஒரு மாதிரி போட்டிருந்தார்கள், அதுவும் காற்றில் அமுங்கிப்போன ஒன்று. எனக்கா பல்லிச் சத்தம் தெரியாது? ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயர் எழுதுவது என்று யோசிக்கக்கூட இல்லை. கட்டத்தில் ஆங்கில எழுத்தில் பல்லி என்றே அடித்தேன். பறவை இல்லை. பல்லி. அடுத்த துண்டு.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் துண்டைப் போடும் முன்னால் வாய்விட்டுக் கேட்டேன், "ரக்ஷா கூப்பிடுவாளா?" இருபது விநாடி காற்று. பிறகு, ச்சக், ச்சக், ச்சக். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேசையை மூன்று தட்டுத் தட்டினேன்.

அதற்கப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. பஞ்சாங்கத்தில் எந்தக் கிழமை எந்தத் திசையில் பல்லி சொன்னால் என்ன பலன் என்று கட்டம் போட்டிருப்பார்கள். அதைத் தேடி எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். நல்ல பலன் வரும் திசையில் லாப்டாப்பை நகர்த்திவைத்துக்கொண்டு கேட்பேன். கம்ப்யூட்டர் சயின்ஸில் டிகிரி வாங்கியவள் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நாள் முழுக்க யாரும் பதில் சொல்லாத வீட்டில் ஒன்று ஆமாம் சொன்னால், அதை எந்தத் திசையிலும் வைத்துக் கேட்கலாம்.

பல்லியே சொல்லிவிட்டது, அவளே கூப்பிடுவாள், நான் எதற்கு இறங்கிப் போக வேண்டும் என்று எட்டு மாதம் ஓடியது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் திட்டத்தை நடத்தும் மார்கலிடா என்ற பெண்மணியிடமிருந்து எல்லோருக்கும் மெயில் வந்தது. பதினேழாம் நம்பர் தீவில் எட்டு மாதமாக ஒரு பறவைகூடப் பதிவாகவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கமிட்டி கூடுகிறது. பறவை இல்லாத தீவு என்று எழுதிவிட்டால் அதைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், புதரைக் கழித்துப் படகுத்துறை கட்டப்போகிறார்கள். இத்தனை நாள் கேட்டதற்கு நன்றி. நினைவுக்காக, பத்து வருடத்துக்கு முன்னால் அதே தீவில் எடுத்த ஒரு பதிவை இணைத்திருக்கிறேன், ஒரு ஜோடி, கேளுங்கள் என்று எழுதியிருந்தார்.

கேட்டேன். முதலில் அந்தக் கரகரப் பாட்டு, ஆண் பறவை. அது நின்றதும் கொஞ்சம் தள்ளிப் பெண் பறவை.

ச்சக். ச்சக். ச்சக்.

உடனே இந்தப் பக்கமிருந்து இன்னொன்று, அதே மாதிரி, ச்சக், ச்சக்.

நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். மறுபடி போட்டுக்கொண்டேன். பதினோரு தடவை கேட்டேன். என் காதுக்குத் தப்பு தெரிந்துவிட்டது, மனசுதான் ஒப்புக்கொள்ளவில்லை. அது பல்லியே இல்லை. ஒரு நாளும் பல்லியாக இருந்ததில்லை. ஒரே ஒரு பறவை அந்தத் தீவில் மிச்சம் இருந்திருக்கிறது. பதில் சொல்ல ஒன்றும் இல்லாமல் எட்டு மாதம் விடிந்ததும் கூப்பிட்டிருக்கிறது. உலகத்திலேயே அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்தி. நானும் அதைப் பல்லி பல்லி என்று குப்பையில் போட்டிருக்கிறேன்.

அன்று முழுக்க நான் யாருக்கும் எழுதவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெட்கம் மட்டும் காரணமில்லை. அது பறவை என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டால், ரக்ஷா கூப்பிடுவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று ஆகிவிடும். ஒரு தடவைகூட. அந்த ஆமாமைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் காலையில் எழுந்து பல் தேய்த்துக் காபி போட்டிருக்கிறேன். அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஃப்ரிட்ஜில் பஞ்சாங்கக் கட்டம் இருக்கிறது.

புதன்கிழமை சாயங்காலம் எழுதினேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, வெள்ளிக்கிழமை அந்தப் புதரைக் கழிப்பதென்று முடிவானால் அது எங்கே போகும் என்று தோன்றியது. எங்கும் போகாத பறவை என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நான்தான் தவறு செய்தேன், நான் ஒதுக்கியதெல்லாம் பறவை, எங்கள் ஊரில் வீட்டுக்குள் கத்தும் ஒரு பிராணி என்று நினைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுதி, படித்துப் பார்க்காமல் அனுப்பினேன்.

வியாழன் காலை எழுந்தபோது மார்கலிடாவின் பதில் இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன், அவர் குழம்பிப்போய் எழுதியிருந்தார்.

"நீங்கள் சொன்ன துண்டுகளை எடுத்துக் கேட்டேன். அது பறவைதான், பெண்ணாக இருக்க வேண்டும், பெண் பறவை அநேகமாகப் பாடுவதில்லை. உங்கள் தவறு எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்றால், இரண்டாவது ஆளும் ஒவ்வொரு துண்டிலும் அதே சொல்லையே எழுதியிருக்கிறார். உங்கள் சொல்லைப் பார்க்க அவருக்கு வழியே இல்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு துண்டு. இருவரும் ஒரே சொல். பல்லி என்றால் என்ன, அது எந்த மொழி? எங்கள் விதிப்படி கழித்ததைத் திரும்பச் சேர்க்க இருவரும் ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்ற வேண்டும். அவருக்கும் எழுதியிருக்கிறேன். வெள்ளி மதியத்துக்குள் முடியுமா?"

கூடவே ஒரு அட்டவணையை அனுப்பியிருந்தார். அதை நாங்கள் இருவரும் திறந்து திருத்தலாம். மேலே பதினேழாம் நம்பர், பறவை எண்ணிக்கை பூஜ்யம் என்று இருந்தது. கீழே வரிசையாக முன்னூற்றுப் பன்னிரண்டு வரி. ஒரு பத்தியில் நான் எழுதியது, அடுத்த பத்தியில் இரண்டாவது ஆள் எழுதியது, கடைசியில் அந்த ஆளின் குறிப்புக்கு ஒரு பத்தி.

பல்லி. பல்லி. பல்லி. பல்லி.

என் பத்தியில் நான் அடித்த மாதிரியே பக்கத்துப் பத்தியிலும் ஆங்கில எழுத்தில். நேரமும் போட்டிருந்தது. நான் குறித்து அரை மணி, ஒரு மணி, சில நாள் பத்து நிமிடம். உலகத்தில் தமிழர்களுக்கா பஞ்சம், யாராவது சிங்கப்பூரிலோ மதுரையிலோ இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் முதல் வரியின் குறிப்பைப் பார்த்தேன். மார்ச் மாதத்துத் தேதி. ஆங்கிலத்தில் டேப் டேப் டேப் என்று மூன்று தட்டு எழுதியிருந்தது.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து சமையலறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

கிரெடிட் முடிந்ததும் அவள் இதை விட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். விடவில்லை. என் அக்கவுன்ட்டைத் திறந்தவளுக்கு என் எண் தெரியும். யாருடைய துண்டுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று இரண்டாவது ஆள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எட்டு மாதம், நான் கேட்டு முடித்த ஒவ்வொன்றையும் என் பின்னாலேயே வந்து கேட்டிருக்கிறாள். அவள் காதிலும் அது மாம்பலத்துப் பல்லியாகவே விழுந்திருக்கிறது. எழுதி முடித்ததும் ஒத்துப்போனது என்று அவளுக்கு மட்டும் திரையில் வந்திருக்கும். முன்னூற்றுப் பன்னிரண்டு தடவை அம்மாவோடு ஒத்துப்போயிருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. குறிப்புகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். பெரும்பாலும் காலி. என் பிறந்தநாளன்று டேப் டேப் டேப். கடைசி வரி போன ஞாயிற்றுக்கிழமை, அதிலும்.

சரி, அழுவதற்கு நேரமில்லை என்று ஹெட்ஃபோனை மாட்டினேன். முன்னூற்றுப் பன்னிரண்டு நிமிடம். அந்தத் தீவில் வெள்ளி மதியம் என்றால் எனக்கு இன்று சாயங்காலத்துக்குள் முடித்தால்தான் நிம்மதி. முதல் வரியைக் கேட்டேன், பல்லியை அழித்துப் பறவை என்று அடித்தேன். இரண்டாவது. மூன்றாவது. இப்போது கேட்கும்போது அது ஆமாம் சொல்வது மாதிரி இல்லை. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நிற்கிறது. பதில் வருகிறதா என்று பார்க்கிறது. மறுபடி கூப்பிடுகிறது. எட்டு மாதமாக அதன் இந்த நிறுத்தத்தை நான் கேட்கவே இல்லை, என் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்பது வரி முடித்தேன். பக்கத்துப் பத்தி அசையவில்லை. பல்லி, பல்லி, பல்லி என்றே நின்றது.

அவள் மெயிலையே பார்க்க மாட்டாள். எனக்குத் தெரியாதா, ஆயிரக்கணக்கில் படிக்காத மெயில் வைத்திருப்பவள். அவள் மாற்றாவிட்டால் நான் மாற்றியும் பிரயோஜனமில்லை, நாளைக்கு அந்தத் தீவில் பூஜ்யம். ஒரு ஃபோன் போட்டால் முடிந்துவிடும் விஷயம். ஆனால் சத்தியம். மறுபடி கூப்பிட்டால், பழைய அம்மாதான், மாறவே மாட்டாள் என்று இந்த வழியையும் மூடிவிடுவாளோ? எனக்குத் தெரியாது என்று நினைக்கிறவரைக்கும்தானே என் பின்னால் வந்துகொண்டிருக்கிறாள்?

ஹெட்ஃபோனில் நாற்பத்தொன்றாவது துண்டு ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டது. நின்றது. கூப்பிட்டது. அதற்கு ரோஷம் எல்லாம் இல்லை.

ஃபோனை எடுத்துக் கூப்பிட்டேன். ஆறு தடவை மணி அடித்து வாய்ஸ்மெயிலுக்குப் போனது.

"ரக்ஷா, அம்மா. சத்தியத்த மீறிட்டேன், தெரியும். ஒரே தடவதான் கூப்பிடறேன், நாப்பத்தொண்ணு இல்ல. அது பல்லி இல்லடி. பறவை. ஒத்தையா இருக்கு. எட்டு மாசமா கத்திட்டிருக்கு, நான்தான் நீ ஃபோன் பண்ணுவியான்னு ஜோசியம் கேட்டுட்டிருந்தேன். எனக்கு அது பல்லியா இருக்கணும்னு இருந்துது, அதான். உன் மெயில பாரு. இன்னிக்குள்ள மாத்தணும், இல்லன்னா அந்த எடத்த வெட்டிடுவாங்க. நீ என்னக் கூப்பிட வேண்டாம். மாத்தினா போதும்."

ஃபோனைக் குப்புறக் கவிழ்த்துவைத்தேன். பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று எனக்கே என்னைத் தெரியும். நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. சாதம்கூட வைக்கவில்லை. எண்பதாவது வரியில் முதுகு வலித்தது, நிமிர்ந்து அட்டவணையை மேலே தள்ளினேன்.

முதல் வரியின் பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் எழுத்து வந்தது. பறவை.

ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது வரி. ஒரு நிமிடம் கழித்து மூன்றாவது. ஏமாற்றவில்லை, ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் மாற்றுகிறாள். குறிப்புப் பத்தியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. ஸ்டாட்ஸ் வகுப்பில் இருக்கிறேன், ஒரு காதில் மட்டும் போட்டிருக்கிறேன், நிறுத்தாதே.

வகுப்பைக் கவனிடி என்று எழுதக் கை போயிற்று. எழுதவில்லை. அதற்கு என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அப்படியே போனோம். நான் முன்னால், அவள் எண்பது வரி பின்னால். நான் ஒரு தடவை எழுந்து சாதம் வைத்துத் தயிர் விட்டுக் கிளறிச் சாப்பிட்டு வந்ததில் அவள் நெருங்கிவிட்டாள். இருநூறாவது வரியில் இருவரும் ஒரே துண்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இங்கே வெயில், அங்கே அவளுக்கு இருட்டத் தொடங்கியிருக்கும், அந்தத் தீவில் எப்போதோ ஒரு ஜூலை மாதத்து விடியற்காலை. காற்று, அலை, கிளை உரசும் சத்தம், அது. நான் அடிப்பேன், அவள் அடிப்பாள். அவள் அடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போவேன்.

கடைசி வரி முடிந்தபோது இங்கே மணி ஐந்து. நான் குறிப்புப் பத்தியில் ஆங்கில எழுத்தில் தமிழில் கேட்டேன். வேற ஒண்ணு எங்கயாவது பதில் சொல்லுச்சா? நான் கேட்டவரைக்கும் இல்லை, உனக்குக் கேட்டுச்சா?

பதில் வந்தது. நோ, அம்மா. ஜஸ்ட் ஹெர்.

மேலே பதினேழாம் நம்பருக்கு நேராக இருந்த பூஜ்யம் மறைந்து ஒன்று என்று ஆயிற்று. அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். புதர் தப்பித்துவிடும் என்று மார்கலிடா பிறகு எழுதினார். ஆனால் ஒன்று ஒன்றுதான், அதை இரண்டாக்க அவராலும் முடியாது.

கவிழ்த்துவைத்திருந்த ஃபோன் மேசையில் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். ஹலோ சொல்லவில்லை, அம்மா என்று சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அது யார் மூச்சு என்று என் காதுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஏதோ ஒரு மரப்பலகையில் ஆள்காட்டி விரலால் மூன்று தட்டு.

நானும் டைனிங் டேபிளைத் தட்டினேன். அதற்கப்புறம்தான் இரண்டு பேருக்கும் பேச்சு வந்தது.